கரை ஒதுங்கிய ஆலாவைக் கடலில் விடாதீர்கள்

தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து எனது கால்நடை மருத்துவமனைக்கு ஆடு, கோழி, நாய்களுக்கு இடையே இரண்டு மூன்று கடற்பறவைகளும் வந்து சேர்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் மீன்கூடையில் வைத்துச் சாக்கால் மூடிக் கொண்டுவந்த பறவைக்கு முதுகெல்லாம் கரி பூசியது போன்ற நிறம். நெற்றியும் வயிறும் தூய வெள்ளை. ஆழ்கடலில் வாழும் ஆலா இனம் அது. பறவை ஆர்வலர்கள் சூட்டி டெர்ன் என்பார்கள். நல்ல நிலையில் 200 கிராம் அளவுக்கு இருக்க வேண்டிய பறவை, தராசில் 120 கிராம்தான் காட்டியது. மார்பெலும்பு கத்தி முனைபோல் விரலில் பட்டது. “மூணு வட்டம் கடல்ல கொண்டு விட்டாச்சு டாக்டரே, திருப்பியும் கரைக்கே வருது” என்றார் அவர். அன்றிரவே பறவை இறந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடற்பறவைக்குக் கடல்தானே வீடு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்த ஆலாவுக்கு நீரில் மிதந்து இளைப்பாறும் வழக்கமே கிடையாது. அதன் இறகுகளில் நீரைத் தடுக்கும் எண்ணெய்ப் பசை போதாது என்பதால், அலையில் சிறிது நேரம் கிடந்தாலே நனைந்து கனத்துவிடும். கூட்டைவிட்டுக் கிளம்பும் இளம்பறவை முட்டையிடும் பருவம் எய்தித் தீவுக்குத் திரும்பும் வரையிலான சில ஆண்டுகளைப் பெரும்பாலும் வானத்திலேயே கழிக்கிறது; சூரை மீன் கூட்டம் கீழிருந்து துரத்தும்போது மேலே துள்ளும் சிறு மீன்களையும் கணவாய்க் குஞ்சுகளையும் பறந்தபடியே கவ்வித் தின்கிறது. ஃபிரிகேட் என்னும் பெரிய கடற்பறவையும் அப்படித்தான். இந்தியப் பெருங்கடலின் யூரோப்பா தீவில் கருவி பொருத்தி ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட முடிவுகள், இளம் ஃபிரிகேட் பறவைகள் திரள்மேகங்களுக்குள் மேலெழும் காற்றைப் பிடித்து ஏறி, இரண்டு மாதங்கள்கூடத் தரையிறங்காமல் பறப்பதைக் காட்டின. அப்படிப்பட்ட பறவை நம் மணலில் வந்து உட்கார்கிறது என்றால், பல நாள் காற்றோடு போராடி, இரையும் கிடைக்காமல், சேமித்து வைத்த கொழுப்பையும் தசையையும் எரித்துத் தீர்த்துவிட்டது என்று பொருள். அதை மறுபடி அலையில் விடுவது, காய்ச்சலில் சுருண்டவரைக் கிணற்றில் இறக்குவதற்குச் சமம்.

எனவே செய்ய வேண்டியது மிக எளிது. கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். பறவைக் காய்ச்சல் அண்மைக் காலத்தில் உலகின் பல கடற்கரைகளில் கடற்பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றிருப்பதால் இதில் அலட்சியம் கூடாது. துண்டைப் போர்த்தித் தூக்கி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், மடித்த பழந்துணியின் மேல் வைத்து, இருட்டும் வெதுவெதுப்புமான இடத்தில் விட்டுவிட்டு, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். வைக்கோல் வேண்டாம், அதிலுள்ள பூஞ்சைத் துகள்கள் நோய் எதிர்ப்பு குன்றிய கடற்பறவையின் நுரையீரலில் வேரூன்றினால் காப்பாற்றுவது கடினம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், இரக்கத்தோடு ஊற்றும் ஒரு மூடித் தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் போகலாம். உடல் சூடாக வேண்டும், அதன்பின் நீர்ச்சத்து ஏற வேண்டும், அதற்குப் பிறகே நெத்திலி, சாளை எல்லாம். குளிர்ந்து வாடிய குடலில் திணிக்கும் மீன் செரிக்காமல் கிடந்து உயிரை எடுக்கும்.

மூக்கிலிருந்து நீர் சொட்டுகிறது, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவருபவர்களும் உண்டு. அது சளியன்று, உப்பு நீர். இப்பறவைகளின் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் கடல்நீரிலும் இரையிலும் உள்ள மிகுதி உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகின்றன. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் உலர விட்டால் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

பூபி என்ற பெரிய கடற்பறவை வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஈட்டிபோன்ற அதன் அலகு கண்ணைப் பதம் பார்க்கக்கூடியது என்பதால், ஒருமுறை யாரோ அலகை ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பூபிக்கு அலகின் மேல் நாசித்துளை கிடையாது. நீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் வாழ்க்கைக்கு ஏற்றபடி அது அடைபட்டுவிட்டது. வாயோரத்தின் வழியாகத்தான் மூச்சுவிடும். பெட்டியைத் திறந்தபோது பறவை விறைத்துக் கிடந்தது. தலையைத் தளர்வாகத் துணியால் மூடினாலே போதும், அது அடங்கிவிடும்.

ஒற்றைப் பறவைக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அதன் வாழ்க்கைக் கணக்கைத்தான். வெப்பமண்டலக் கடலில் இரை எங்கும் பரவிக் கிடப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரளும், பிறகு கலைந்துவிடும். அதைத் தேடி நெடுந்தூரம் பறக்க வேண்டிய பெற்றோர் இரண்டு குஞ்சுகளுக்கு ஊட்ட முடியாது என்பதால், இந்த ஆலா ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடுகிறது. ஃபிரிகேட் பறவையோ ஒரு குஞ்சை ஆளாக்க ஓராண்டுக்கும் மேல் செலவிடும். இந்தக் குறைந்த வரவை ஈடுகட்டுவது நீண்ட ஆயுள். சூட்டி டெர்ன் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு. முதிர்ந்த பறவை ஒன்று செத்தால், அது இன்னும் இட்டிருக்கக்கூடிய அத்தனை முட்டைகளும் கணக்கிலிருந்து போய்விடும். கோழிப்பண்ணையில் ஒரு கோழி இறப்பதைப் போன்றதன்று இது.

அந்த ஒற்றை முட்டையும் பெரும்பாலும் வெறும் மணலில்தான் கிடக்கிறது. நம் கரையிலிருந்து மேற்கே, லட்சத்தீவில், கவரத்திக்கு அப்பால் பிட்டி என்றொரு மணல்திட்டு இருக்கிறது, 1.2 ஹெக்டேர் அளவுதான், மரமில்லை, மனிதர் இல்லை. சூட்டி டெர்ன், பழுப்பு நாடி என்னும் இன்னொரு ஆலா ஆகிய இனங்கள் முட்டையிடும் அந்தத் திட்டு 1995இல் சரணாலயமானது. அதைச் சூழ்ந்த கடற்பரப்பு 2020இல் கடற்பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் பக்கத்துத் தங்குகடல் விசைப்படகுகள் லட்சத்தீவுக் கடலைத் தாண்டியும் போகின்றன. இத்தகைய திட்டுகளைக் காண்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: கரையேறாதீர்கள். உச்சிவெயிலில் தாய்ப்பறவை முட்டையின் மேல் உட்காருவது சூடேற்ற என்று நினைக்கிறோம். உண்மையில் அது நிழல் தருகிறது. மனிதர் வந்ததும் எழும் பறவைக் கூட்டம் கால்மணி நேரம் அடங்காவிட்டால், மணலில் கிடக்கும் கரு வெந்துவிடும். மிஞ்சியதை நண்டு பார்த்துக்கொள்ளும்.

மனிதரைவிடக் கெட்ட விருந்தாளி எலி. கப்பலில் ஒளிந்து வரும் அது, தரையில் வாழும் எதிரிகளையே அறியாத பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கும். மாலத்தீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, எலி புகாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி எலி புகுந்தவற்றைவிட 760 மடங்கு இருந்ததைக் கண்டது. பறவைகள் நடுக்கடலில் தின்று தீவில் இடும் எச்சம் மழையில் கரைந்து பவளத்திட்டுக்கு உரமாவதால், எலியில்லாத தீவுகளைச் சுற்றி மீன்வளம் 48 சதவீதம் கூடுதலாக இருந்தது. பறவைக் கூட்டத்தைப் பார்த்தே சூரை நிற்கும் இடத்தைக் கண்டுகொள்ளும் மீனவருக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. தீவுகளுக்குப் போகும் படகில் சாமான் ஏற்றும்போது ஒரு எலிப்பொறியும் இருந்தால் நல்லது.

தூண்டில் முள் சிக்கிய பறவையை வைத்துக்கொண்டு தங்கூஸை, அதாவது தூண்டில் நரம்பை, அடியோடு அறுத்துவிடாதீர்கள். ஒரு சாண் நீளமாவது விட்டுவையுங்கள். தொண்டைக்குள் முள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அந்த நரம்புதான் வழிகாட்டி.

சென்ற ஆடியில் இன்னொரு சூட்டி டெர்ன் வந்தது. எடை 135 கிராம். இதை யாரும் கடலில் விட்டிருக்கவில்லை. கொண்டுவந்த பையன் செருப்புப் பெட்டியில் ஆணியால் துளை போட்டிருந்தான். பதினோரு நாளில் 180 கிராம் ஆனது. இறகின் மேல் தெளித்த நீர் முத்துமுத்தாக உருண்டோடிய பின்னரே, மழை ஓய்ந்த ஒரு காலையில், வனத்துறை ஊழியருடன் முட்டத்துப் பாறைமேல் ஏறி, காற்றைப் பார்த்தவாறு உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தோம். வீசி எறியவில்லை. நான்கைந்து நிமிடம் அப்படியே இருந்தது, ஒருமுறை எச்சமிட்டது, பிறகு எழுந்து, அலையைத் தொடாமல், நேர் மேற்கே போயிற்று.