லூயிக்கு எதற்கு ஒரு 'சு'?

ஜனவரி 4 வந்தால் போதும், பார்வையற்றோருக்கான புள்ளி எழுத்தைத் தந்தவரை எல்லோரும் 'லூயிஸ் பிரெயில்' என்று வாழ்த்தத் தொடங்கிவிடுகிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் ஒரு படி மேலே போய் 'உலூயிசு' என்கிறார்கள். இரண்டுமே தவறு. 1809-இல் பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சிற்றூரில் பிறந்த அந்தப் பிள்ளையின் பெயர் லூயி. (குடும்பப் பெயரும் பிரெஞ்சில் 'பிராய்' போலத்தான் ஒலிக்கும். ஆனால் அது எழுத்துமுறையின் பெயராகவே ஊன்றிவிட்டது, விட்டுவிடலாம்.)

பெயரின் மூலம், இன்றைய பிரான்சை ஒருகாலத்தில் ஆண்ட பிராங்கியர் என்ற இனத்தார் பேசிய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது: ஹ்லோடோவிக். ஹ்லோட் என்றால் புகழ், விக் என்றால் போர். லத்தீனில் லுடோவிகஸ் ஆகி, தேய்ந்து லூயி ஆனது. பிராங்கிய அரசன் குளோவிஸின் பெயரும் இதுவேதான். ஜெர்மனியில் லுட்விக், இத்தாலியில் லூயிஜி. பிரான்சின் அரியணையில் பதினெட்டாம் லூயி வரை எண்ணிக்கை ஓடியது.

சரி, சண்டைக்கு வருவோம். பிரெஞ்சில் Louis-இன் கடைசி எழுத்து ஊமை. கடைசியில் 'ஸ்' போன்ற ஒலி கேட்டால் அது லூயீஸ், பெண்ணின் பெயர். ஆக, பதினான்காம் லூயிஸ் என்று எழுதுகிறவர் வெர்சாய் மாளிகையின் அரசரை அரசியாக்கிவிடுகிறார். உலூயிசுக்காரர் இன்னும் பாவம். லகரம் மொழிக்கு முதலில் வராது என்று முன்னால் உகரம் சேர்த்தது இலக்கணம், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் ஒட்டிய 'சு' யாருக்காக? பிரெஞ்சுக்காரர் வாயிலேயே வராத ஒலிக்கு நாம் தமிழ் உடை தைத்துக்கொண்டிருக்கிறோம். தூய்மைதான் வேண்டுமென்றால் உலூயி என்று எழுதட்டும், கைதட்டுவேன். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஒலிபெயர்த்துவிட்டு அதற்குத் தனித்தமிழ் என்று பெயர் வைக்க வேண்டாம்.

பொருளைப் பெயர்க்கலாமே என்று 'புகழ்ப்போரன்' மாதிரி ஒன்றைக் கட்டுவோரும் உண்டு. அந்தக் கால ஜெர்மானியப் பெயர்கள் இரண்டு துண்டுகளை ஒட்டியவை, முழு வாக்கியமல்ல. 778-இல் பிராங்கிய அரசர் சார்லமேனுக்குப் பிறந்த இரட்டையருக்கு லூயி, லோத்தேர் என்று பெயர். இரண்டிலும் முதல் துண்டு ஹ்லோட்தான். லோத்தேரின் பின்துண்டுக்குப் படை என்று பொருள். அவனை என்னவென்று மொழிபெயர்ப்பது, புகழ்ப்படையன் என்றா? தமிழ்க் கத்தோலிக்கர் இதே பெயரின் கிளையான புனிதர் அலோசியுஸை ஞானப்பிரகாசியார் என்று அழகாக வழங்குகிறார்கள். அது வழிபாட்டு மரபு. அதற்காகப் பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட மன்னர் பதினாறாம் லூயியைப் பதினாறாம் ஞானப்பிரகாசம் என்று பாடநூலில் எழுத முடியுமா?

'ஸ்' வர வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஸ்பானியர்களின் லூயிஸில் அது ஒலிக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், 1297-இல் புனிதர் பட்டம் பெற்ற ஒன்பதாம் லூயியின் பெயரைத் தாங்கியது என்றாலும், அந்த ஊர்க்காரர்களே இன்று 'ஸ்' சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஊரார் வாய்தான் அளவுகோல். அதே அளவுகோலின்படி மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி. தமிழர் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. நம் செய்தி மொழிபெயர்ப்பாளர்களோ ஆங்கிலச் செய்திக்குறிப்பை மட்டும் பார்த்து இன்னும் 'போர்ட் லூயிஸ்' என்றே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.