பதினாறு சிலிண்டரும் போட்ட காசும்

தணிக்கைக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்பது இது: "இவ்வளவு போட்டாச்சு சார், நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?" ஆர்டர் பாதியாகக் குறைந்தும், புது மெஷினுக்கு இரண்டாவது தவணை கட்டத் துடித்த ஒரு வாடிக்கையாளரும் இதையேதான் சொன்னார். அவருக்கு மூன்று அமெரிக்க கார் கம்பெனிகளின் கதையைச் சொன்னேன்.

1920களின் பிற்பாதி, காசு புரண்ட காலம். காடிலாக்கும் மார்மனும் பதினாறு சிலிண்டர் எஞ்சினுக்கு வேலையைத் தொடங்கின. கொஞ்சம் பிந்தி பியர்லெஸும் சேர்ந்துகொண்டது. வரைபடத்திலிருந்து சாலைக்கு வர இப்படிப்பட்ட எஞ்சினுக்குச் சில வருடங்கள் பிடிக்கும். அதற்குள் 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்துவிட்டது.

காடிலாக் 1930 ஜனவரியில் காரைக் காட்டியது. பானெட்டைத் திறந்தால் ஒயர் எதுவும் கண்ணில் படாது. கறுப்பு எனாமலும் பளபளக்கும் அலுமினியமும்தான். பார்ப்பதற்கென்றே வடிவமைத்த எஞ்சின். முதலில் நன்றாகவே விற்றது. 1933இல் 400 கார் மட்டுமே கட்டுவோம் என்று பெருமையாக அறிவித்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் இருந்தது, தாங்கியது.

மார்மனுக்கு அப்படி யாரும் இல்லை. 200 குதிரைத்திறன், அலுமினிய எஞ்சின், விலை 5,000 டாலரை ஒட்டி. ஃபோர்டு மாடல் ஏ 500 டாலருக்குள் கிடைத்த நேரம் அது. என்னைக் கேட்டால் மூன்றிலும் அருமையான எஞ்சின் இதுதான். ஆனால் வாங்குபவர் கைக்கு வந்தது 1931இல். மொத்தம் சுமார் 390 கார். 1933இல் கம்பெனி கடன்காரர்கள் பிடியில்.

கிளீவ்லாந்தின் பியர்லெஸ் ஒரே ஒரு காரை முழுதாகக் கட்டி முடித்தது. அலுமினிய பாடி, கலிபோர்னியாவில் மர்ஃபி கம்பெனி செய்தது. சந்தையைப் பார்த்தார்கள், கையில் காசு இருக்கும்போதே, 1931இல் கார் தொழிலையே நிறுத்தினார்கள். மதுவிலக்கு நீங்கியதும் அதே ஆலையில் கார்லிங் பீர் காய்ச்சினார்கள்! அந்த ஒற்றைக் கார் இன்று கிளீவ்லாந்து மியூசியத்தில் இருக்கிறது.

"சரி, போன காசை விடுங்க. இன்னிக்குக் கட்டப்போற தவணை எந்த ஆர்டர்ல திரும்பி வரும்? வரலைன்னா தாங்க யார் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஒரு காருக்கு அவங்களுக்கு எவ்வளவு சார் ஆகியிருக்கும்?" என்றார்.

கொடுத்த அட்வான்ஸை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டோம். இரண்டாவது தவணைப் பணம் வங்கியிலேயே இருக்கிறது.