மேடை நடுக்கமும் கல்லீரலும்: சிபிடியைச் சோதிப்பது இப்படித்தான்

நோயே இல்லாத ஆளுக்கு எதற்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள்? நோயாளி என்றால் ஏற்கெனவே நாலு மாத்திரை போடுவார், அப்புறம் ரத்தத்தில் ஏதாவது ஏறினால் எதனால் ஏறியது என்று யாரிடம் போய்க் கேட்பது? நல்ல உடம்பில் சந்தேகப்பட ஆட்கள் குறைவு, அவ்வளவுதான்.

சிபிடியை எடுத்துக்கொள்வோம். கஞ்சாச் செடியில் உள்ள, போதை ஏற்றாத பொருள். அமெரிக்காவில் எண்ணெயாகவும் மிட்டாயாகவும் கடையிலேயே கிடைக்கிறது. பிரேசிலில் ஆரோக்கியமான 57 ஆண்களைப் பிரித்து, சிலருக்கு 150, சிலருக்கு 300, சிலருக்கு 600 மில்லிகிராம், மிச்சப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்து மேடைப் பேச்சுச் சோதனை வைத்தார்கள். இந்தச் சோதனை கொஞ்சம் கொடூரமானது: யோசிக்க 2 நிமிடம், கேமரா முன்னால் பேச 4 நிமிடம், எதிரே டிவியில் உங்கள் முகமே தெரியும், பாதியில் நிறுத்தி "இப்போது எவ்வளவு பதற்றம்?" என்று வேறு கேட்பார்கள். (படிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வியர்த்தது.) 300 வாங்கியவர்களுக்குத்தான் பதற்றம் குறைந்தது. 150-க்கும் போலி மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சரி, 600-க்கும் இல்லை! கூடக் கொடுத்தால் கூட வேலை செய்யும் என்ற நம் கணக்கு இங்கே செல்லவில்லை.

யாருக்கு எது போனது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, வாங்குபவருக்கும் தெரியக்கூடாது. சிபிடியில் இது சுலபம். கஞ்சாவில் போதை ஏற்றும் பொருளான டிஎச்சி என்றால் தலை கிறுகிறுத்த உடனே குட்டு வெளிப்பட்டுவிடும்.

2025-இல் வெளியான அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் சோதனை இன்னும் முக்கியம். ஆரோக்கியமான 201 பேர், 28 நாள், கிலோவுக்குத் தினமும் 5 மில்லிகிராம், அதாவது 70 கிலோ ஆளுக்கு 350. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வழக்கமான அளவைவிட இது குறைவு. வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். சிபிடி எடுத்தவர்களில் 8 பேருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியது, போலி மருந்துக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. நிறுத்தியதும் இறங்கிவிட்டது. ஆனால் இப்படி ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது, ஊசி போட்டு ரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

இன்னொரு சங்கதி சாப்பாடு. கொழுப்பு மிகுந்த உணவோடு விழுங்கினால் வெறும் வயிற்றைவிட நாலு மடங்கு சிபிடி ரத்தத்தில் சேரும், அதனால் சோதனைகளில் எப்போது என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதியே வைப்பார்கள். கடையில் வாங்கி பர்கருக்கு அப்புறம் வாயில் போடுகிறவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை, வாராவாரம் ரத்தம் எடுக்கவும் யாரும் வருவதில்லை.