ராகிக் கொல்லையில் நிற்பது சிங்கக் கூட்டணி இல்லை

கார்த்திகை பிறந்து ராகிக் கதிர் முற்றும் நேரத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை யானைகள் இறங்கும். கூடவே வாட்ஸ்அப்பில் பேச்சும் இறங்கும்: "பெரிய கொம்பன் ஏரியா பிடிக்க வந்திருக்கு, அதைப் பிடிச்சிட்டா மத்தது ஓடிரும்." ஆப்பிரிக்கச் சிங்க வீடியோக்கள் செய்த வேலை இது. அந்தக் கணக்கை யானைக்குப் போட்டால் உயிர்ச்சேதத்தில்தான் முடியும்.

ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்வது பெண் சிங்கக் குழுவைப் பிடித்துக் காக்க. அந்தப் பிடி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் நிற்கும். புதிய கூட்டணி நுழைந்தால் முதல் பலி குட்டிகள். குட்டி போனால்தான் தாய் சீக்கிரம் மறுபடி இணைக்குத் தயாராகும். எண்ணிக்கையே அங்கே பலம். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட்ஸ் காப்பகத்தில் 2006 வாக்கில் புகுந்து கோலோச்சிய, மபோகோ என்று பெயர் பெற்ற ஆறு ஆண் சிங்கங்களில் ஒன்றை 2010-இல் எதிர்க் கூட்டணி கொன்றது. அதோடு அவற்றின் பிடி தளர்ந்தது.

யானைக்குக் காக்க வேண்டிய எல்லை கிடையாது. பத்துப் பதினைந்து வயதில் தாய்க் கூட்டத்தை விட்டு விலகும் ஆண்கள், காட்டை விட வயலும் ஏரியும் மிகுந்த நம் பக்கத்தில், மூன்று நான்காகச் சேர்ந்து திரிகின்றன. இதில் சண்டை நோக்கம் இல்லை. எங்கே தண்ணீர், எந்தக் கொல்லையில் காவல் தளர்வு என்பதை இளசுகள் மூத்ததிடம் படிக்கின்றன. ஆமாம், திருட்டையும் சேர்த்துத்தான். ஆனாலும் அந்த மூத்தது இருப்பதுதான் இளசுகளுக்குக் கடிவாளம். தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் காப்பகத்தில் மூத்த ஆண்கள் இல்லாமல் வளர்ந்த இளம் யானைகளுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்து, 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-இல் ஆறு பெரிய ஆண்களைக் கொண்டுவந்து விட்ட பிறகு அது அடங்கியது.

ஆகவே "பெரியதைப் பிடி" என்று சாலை மறியல் செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இடம் மாற்றினாலும் என்ன ஆகும் என்பதை நம் பக்கமே பார்த்தது. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னா (கொம்பில்லாத ஆண் யானை), அதே மாதம் கோயம்புத்தூர் ஊருக்குள் வந்து நின்றது. மறுபடி பிடித்தார்கள், ஜூலையில் இன்னொரு முறையும் பிடிக்க வேண்டியதாயிற்று.

கொல்லையில் யானையைக் கண்டால் முதலில் கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வீங்கி, வாயோரம் வரை கறுப்பாக நீர் வழிந்த கோடு இருந்தால் அது மதநீர். பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும், மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும், காரநெடி காற்றில் தூரத்திலிருந்தே வரும். இது சில வாரத்திலிருந்து சில மாதம் வரை நீடிக்கலாம். மதம் பிடித்தது பெரும்பாலும் தனியாகப் பெண்களைத் தேடி அலையும். தன்னைவிடப் பெரிய யானையும் அதற்கு வழிவிடும். அதனால் உண்மையான மோதல் அபூர்வம். ஒத்த பருமனில் இரண்டும் மதத்தில் இருந்தால்தான் குத்திச் சாகும் அளவுக்குப் போகும். மதத்தில் இருப்பதைப் பட்டாசு போட்டு விரட்டவே கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு ஊர் ஒதுங்குவதே வழி. கொம்பு இல்லை என்று மக்னாவைப் பெண் யானையாக எண்ணிப் பக்கத்தில் போவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

விரட்டும்போது கெடுவது ஒரே இடத்தில்தான்: நாலு பக்கமும் ஆள் நிற்பது. யானைக் கூட்டம் சிதறினால் இளசு தனித்துப் போய் ஊருக்குள் பாயும். காட்டுப் பக்கத்தை முழுக்க விட்டுவிட்டு, ஒரே பக்கத்திலிருந்து சத்தம் கொடுக்க வேண்டும். முகத்தில் டார்ச் அடிப்பது, கல்லெறிவது, செல்ஃபி எடுப்பது எதுவும் ஆகாது. காதை விரித்து மண்ணை வாரி இறைத்து ஓடி வருவது பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வருவது அப்படியல்ல. எது என்று நின்று சோதிக்காதீர்கள்.

வேலி விஷயம். அனுமதியுள்ள சூரிய மின்வேலி, நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துடிப்பாக, நொடிக்கு ஒன்றுக்கு மேற்படாமல் அடிக்கும். சுரீர் என்று உறைக்கும், கொல்லாது. வீட்டு லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டு இழுத்த 230 வோல்ட் கொன்றுவிடும், வீட்டுப் பிள்ளையானாலும் சரி. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு திருட்டு வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடக்க, இரண்டு குட்டிகள் தவித்து நின்றன. சரியான வேலியும் புல் வளர்ந்து கம்பியில் பட்டால் வலுவிழக்கும், அடியை வாராவாரம் செதுக்க வேண்டும். கொம்பில் மின்சாரம் உறைக்காது என்பதைக் கொம்பன்கள் கற்றுக்கொண்டு கம்பியை அறுக்கும், அல்லது மரத்தைத் தள்ளிக் கம்பி மேல் சாய்க்கும். அதனால் வேலியை மட்டும் நம்பித் தூங்க முடியாது.

அறுத்த ராகித் தாளைக் களத்தில் போட்டு அதன் பக்கத்திலேயே காவலுக்குப் படுப்பதை விடுங்கள். அந்த வாசனைக்குத்தான் யானை வருகிறது. காவல் இருந்தால் பரண்மேல், இருவராக. அடித்த ராகியைப் படுக்கும் அறையில் மூட்டையாக அடுக்கினால் சுவரை இடித்து எடுக்கும். தள்ளி வேறு கட்டடத்தில் வையுங்கள். விடியற்காலை இருட்டில் காட்டோரம் ஒதுங்கப் போவதையும், ஹெட்லைட் சரியில்லாத வண்டியில் தனியாகப் போவதையும் அறுவடை முடியும் வரையாவது நிறுத்திவையுங்கள்.