50 பார் எந்த ஆழத்துக்குப் போதும்?

ஏப்ரலில் எங்கள் கிழக்குக் கடல் தெளியத் தொடங்கியதும் சுழியோட ஆட்களைக் கூட்டிப் போகும் எனக்குத் தொலைபேசியில் வரும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "அண்ணா, ஹெர்மிஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவீங்களா?"

ஆசை நியாயமானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. 307 பேர் அதோடு போனார்கள். ஆனால் அது படுத்திருக்கும் கடற்தரை ஏறத்தாழ 53 மீற்றர் ஆழம். கப்பலின் மேல்விளிம்பைத் தொடுவதற்கே 40 மீற்றரைத் தாண்ட வேண்டும். பொழுதுபோக்குச் சுழியோடலுக்குப் பயிற்சி அமைப்புகள் வகுத்திருக்கும் எல்லையும் அதே 40தான். அந்த எல்லை முடிகிற இடத்தில்தான் ஹெர்மிஸ் தொடங்குகிறது.

கேட்பவரிடம் சுழியோடல் பயிற்சி முடித்ததற்கான கார்டு இருக்கும். அதில் 30 மீற்றர் என்று எழுதியிருக்கும். 'பாடி' (PADI) என்ற பயிற்சி அமைப்பின் வரிசையில் முதற்கட்டக் கார்டுக்கு 18 மீற்றர், அடுத்ததற்கு 30, ஆழச் சுழியோடலுக்கென்று தனியாகப் படித்தால் 40. முதற்கட்டத்தில் கடலில் நான்கு பயிற்சி முறைகள். அடுத்த கட்டத்தில் ஐந்து. அவற்றில் ஆழத்துக்குப் போவது ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம். ஆக, வாழ்க்கையில் மொத்தமாக ஒன்பது முறை கடலில் இறங்கிய ஒருவர் 30 மீற்றர் கார்டை வைத்திருக்க முடியும். விதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அந்த விதி சொல்வது ஆகக் குறைந்த பயிற்சி அளவை. நம் ஆட்கள் அதுவே போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடலில் 30 முறையாவது இறங்காத ஒருவரை நான் 30 மீற்றருக்குக் கூட்டிப் போவதில்லை. கோபித்துக்கொண்டு வேறு படகுக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு நாள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், இன்னொருவரின் படகில் வழிகாட்டியாகப் போனேன். 30 மீற்றர் ஆழம். என்னோடு இறங்கியவரின் கார்டுக்கு வயது இரண்டு வாரம். கீழே சேர்ந்து பன்னிரண்டாவது நிமிடத்தில் என் தோளைப் பிடித்து இழுத்தார். கண்கள் விரிந்திருந்தன. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தை 'பார்' அலகில் காட்டும் அவருடைய அழுத்தமானியைப் பார்த்தேன்: 25 பார். என்னுடையதில் 100 இருந்தது. என் சிலிண்டரோடு இணைந்த உபரி மூச்சுக்கருவியான மாற்றுவாயைக் கொடுத்து, இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டபடி ஏறினோம். உடலில் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்றோம். மேலே வந்தபோது என் சிலிண்டரில் மிஞ்சியது 20 பாருக்கும் குறைவு. காலையில் எல்லோருக்கும் சொல்லப்பட்ட விதி, "50 பாரோடு படகுக்கு வாங்க" என்பது மட்டும்தான்.

அந்த விதியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று வீடு போய் நான் போட்ட கணக்கு இது.

கடலில் 10 மீற்றருக்கு ஒரு பார் அழுத்தம் கூடும். மேலே இருப்பதையும் சேர்த்தால் 40 மீற்றரில் 5 பார். தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவர் அங்கே 100 லீற்றர் செலவழிப்பார். இப்போது ஒருவரின் காற்றுத் தீர்ந்து இருவர் ஒரு சிலிண்டரைப் பகிர்கிறார்கள் என்று வையுங்கள். பயத்தில் ஆளுக்கு 30 லீற்றர் போகும். அதுவும் குறைத்துச் சொல்கிறேன். இருவருக்கும் சேர்த்து 40 மீற்றரில் நிமிடத்துக்கு 300 லீற்றர். நிலைமையைப் புரிந்து சமாளிக்க ஒரு நிமிடம்: 300. நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற நாலரை நிமிடம்: சராசரி 3 பாரில் 810. 5 மீற்றரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270. மொத்தம் 1380 லீற்றர். நாங்கள் பாவிக்கும் 11 லீற்றர் சிலிண்டரில் அது 125 பார்.

200 பாரோடு இறங்கினால், 125 வந்ததும் ஏறத் தொடங்க வேண்டும். இறங்குவதையும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய எட்டு நிமிடம். அந்த ஆழத்தில் 50 பாரை வைத்துக்கொண்டு இருவர் சுவாசித்தால் இரண்டு நிமிடம்கூட வராது. 'பாடி' அட்டவணையில் 40 மீற்றரில், ஏறும்போது கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாமல் இருக்கக்கூடிய நேரம் 9 நிமிடம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே முடிகின்றன. ஒற்றைச் சிலிண்டரோடு போகிறவருக்கு 40 என்பது அச்சமூட்டச் சொன்ன எண் இல்லை.

கணக்கை ஏன் கரையிலேயே போட வேண்டும் என்கிறேன்? கீழே போட முடியாது. 30 மீற்றருக்கு அப்பால் நைதரசன் மூளையை மந்தமாக்கும். பயிற்சியில் ஒரு பலகையைக் கொடுத்து, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வேன். படகில் தடுமாறாதவர்கள் கீழே 93, 86, 76 என்று எழுதிவிட்டுப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துச் 'சரி' காட்டுவார்கள். மேலே வந்து பலகையைக் காட்டினால் தங்கள் கையெழுத்தையே நம்பமாட்டார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. 44 மீற்றரில் அழுத்தமானியைப் பார்த்தேன், 110 என்று வாசித்தேன், அது போதுமா என்ற எண்ணமே வரவில்லை. கூட வந்தவர் என் கையைத் தட்டி மேலே காட்டினார். ஆழத்தின் போதையில் பயமும் மங்கிப்போகும். அதுதான் அதன் ஆபத்து.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஆழத்தில் காற்று கனமாகிறது. லீற்றருக்கு 5.2 கிராம் வரை பரவாயில்லை, 6.2ஐத் தாண்டக் கூடாது என்பது சுழியோடல் மருத்துவத்தில் இப்போது சொல்லப்படும் அளவு. சாதாரணக் காற்று முதல் எல்லையை 31 மீற்றரளவிலும் அடுத்ததை 39 மீற்றரளவிலும் தொட்டுவிடும். அதற்கு மேல் கனத்த காற்றை உள்ளிழுத்து வெளிவிடுவதே வேலை. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்படித்தால் கரியமில வாயு உடலில் தேங்கும், மூச்சு வாங்கும், பதற்றம் வரும், போதையும் கூடும். அங்கே வேகமாக நீந்தாதீர்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் நைட்றொக்ஸ், அதாவது சாதாரணக் காற்றைவிட ஒட்சிசன் கூடிய கலவை. "நைட்றொக்ஸ் அடித்தால் இன்னும் ஆழம் போகலாம்தானே?" என்று கேட்காதவர் குறைவு. நேர்மாறு. ஒட்சிசன் 32 வீதமுள்ள கலவைக்கு எல்லை 33 மீற்றர்தான். அதற்குக் கீழே ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரலாம். வாயில் காற்றுக்குழாயோடு தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்று நான் விரிக்கத் தேவையில்லை.

சரி, ஹெர்மிஸுக்குப் போகவே முடியாதா? முடியும். இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, ஏறும்போது நிறுத்தங்களுக்கென்று தனிச் சிலிண்டர், அதற்கான தொழில்நுட்பச் சுழியோடல் பயிற்சி. இதற்கு மாதங்கள் ஆகும், காசும் ஆகும். அதுவரை, அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 24 மீற்றரளவில் இருக்கிறது. வெளிச்சம் இறங்கும், மீன் நிறைந்திருக்கும். நான் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

ஏறிய பிறகு உடலில் நைதரசன் குமிழாகி நோய் வந்தால் முதலுதவி ஒட்சிசன்தான்; ஆகவே யாருடைய படகில் ஏறினாலும் ஒட்சிசன் சிலிண்டரைக் காட்டச் சொல்லுங்கள். "இருக்கு" என்ற பதில் போதாது. 2 லீற்றர் சிலிண்டர் 200 பாரில் நிறைந்திருந்தாலும் நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தால் 26 நிமிடத்தில் முடியும். கரைக்கு வரவே அதற்கு மேல் ஆகலாம். அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளது. மட்டக்களப்பிலிருந்து வீதி வழியே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். மூட்டு வலி, விறைப்பு, தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், காரணமில்லாத களைப்பு எது வந்தாலும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு, "சிலிண்டர் தூக்கினதால வந்த வலி" என்று படுக்கப் போகிறவர்கள்தான் அடுத்த நாள் கால் வராமல் எழும்புகிறார்கள்.

விடுமுறையின் கடைசிக் காலையில் கடலில் இறங்கிவிட்டு அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறத் திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே நோய் வரலாம்; பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் விட வேண்டும். நான் 24 கேட்கிறேன். உங்கள் பயணச்சீட்டின் நேரத்தைச் சொன்னால், எந்த நாளோடு நிறுத்த வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவேன்.