தமிழை நிறுத்தாதீர்கள், முதலில் காதைப் பாருங்கள்

"மூணு பாஷையில குழம்பிட்டான், அதனால வீட்டுல தமிழை நிறுத்திட்டோம்." டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் பேச்சுப் பயிற்சிக்கு வந்தால் முதலில் சொல்வது இதைத்தான். பகலில் ஜப்பானியமும் இங்கிலீஷும் புழங்கும் குழந்தைகள் காப்பகம், வீட்டில் தமிழ், இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தமிழை நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதுவரை காதை யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மொழியோ மூன்று மொழியோ கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. குறைபாடு ஏற்கெனவே இருந்தால், ஒரு மொழியைப் பிடுங்குவதால் அது சரியாகவும் ஆகாது. "மொத்தோ மில்க்" என்று பிள்ளை கேட்டால் பதறாதீர்கள். 'இன்னும்' என்பதற்குக் காப்பகத்து ஆசிரியை கொடுத்த சொல், பாலுக்கு வேறொருவர் கொடுத்த சொல், இரண்டையும் பிள்ளை தானாகக் கோத்திருக்கிறது. இரண்டு வயதில் பேச்சுப் பயிற்சியாளர்களான நாங்கள் தேடுவதே இப்படிச் சொற்களைக் கோப்பதைத்தான்.

தமிழை நிறுத்தியபின் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? "அச்சச்சோ, சட்டையெல்லாம் தயிரு! யாரு கொட்டினா?" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அம்மா, "சிட், ஈட், கம்" என்று கட்டளை மட்டும் போடுகிறார். குழந்தைக்குக் கிடைத்துவந்த பேச்சில் பெரும்பகுதி நின்றுபோகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சொற்களை எண்ணுவதிலும் இதே தவறுதான். இங்கிலீஷ் சொற்களை மட்டும் எண்ணிவிட்டுக் கவலைப்படுகிறார்கள். ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒரு வாரம், பிள்ளை தானாகச் சொல்லும் எல்லாச் சொல்லையும் எந்த மொழியானாலும் எழுதுங்கள். நாயைக் காட்டி, ஜப்பானியப் பிள்ளைகள் சொல்வதுபோல் 'வான்வான்' என்றால் அதுவும் சொல்தான். நீங்கள் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னதைச் சேர்க்காதீர்கள். காப்பகத்தில் சொன்னவற்றை ரென்ராக்குச்சோவில், அதாவது காப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரும் தொடர்பு நோட்டில், எழுதித் தரக் கேளுங்கள். காய்ச்சல், சாப்பாடு, தூக்கம் எழுதும் அதே நோட்டில் இரண்டு வரி எழுத அவர்கள் மறுக்கமாட்டார்கள். இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்ந்து 50 சொல்லும், இரண்டு சொல் சேர்ப்பதும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம்.

மூன்று வயதில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை காப்பகத்தில் சில வாரம், சில மாதம்கூட வாய் திறக்காமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் வாயாடியாக இருக்கவேண்டும். எந்த மொழியிலும் பேசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தால் அதை இந்த மௌனத்தோடு சேர்க்காதீர்கள்.

காதுக்கு வருகிறேன். காப்பகப் பிள்ளைகளுக்குச் சளி ஓயாது. சளிக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்கினால் வலி இருக்காது, சத்தம் மட்டும் மங்கிவிடும். மூன்று வயது உடல்பரிசோதனைக்கு உங்கள் வார்டு நிர்வாகத்திலிருந்து வரும் உறையில், பெற்றோரே வீட்டில் செய்யவேண்டிய கிசுகிசுப்புச் சோதனை இருக்கும். நாய், காலணி, குடை, யானை, பூனை, நாற்காலி என ஆறு படங்கள். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வாயை மறைத்துக்கொண்டு, கிசுகிசுப்பாகச் சொல்லவேண்டும். ஜப்பானியம் படிக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று வட்டமிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்! முதலில் சாதாரணக் குரலில் சொல்லி, பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியுமா என்று பாருங்கள். காலணிக்கான ஜப்பானியச் சொல் 'குட்சு' தெரியாவிட்டால் 'செருப்பு' என்றே கிசுகிசுங்கள், அதைத் தாளிலும் குறித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மூன்று வயதுவரை ஏன் காத்திருக்கிறீர்கள்? இன்றே ஜிபிக்காவுக்கு, அதாவது காது மூக்கு மருத்துவரிடம், கூட்டிப்போங்கள்.

காப்பகம் தேடுகிறவர்களுக்கு: 'இருமொழி' என்ற பலகையை நம்பாதீர்கள். ஒருநாள் அட்டவணையைக் கேளுங்கள். காலையில் அரைமணி நேரம் இங்கிலீஷ் பாட்டு மட்டும்தானா, சோறு ஊட்டும்போதும் டயப்பர் மாற்றும்போதும் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள், அந்த ஆசிரியை போன வருடமும் அங்கே இருந்தாரா? அரசு அனுமதி பெறாமல், பதிவு மட்டும் செய்து நடக்கும் காப்பகமானால், அரசின் மேற்பார்வைத் தரத்தை நிறைவுசெய்கிறது என்ற சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.