நடைக்கும் சீட்டு எழுதுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருபவரிடம் "தினமும் நல்லா நடங்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். அடுத்த மாதம் கேட்டால் பெரும்பாலும் நடந்திருக்க மாட்டார். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை "கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றா எழுதுகிறோம்? நடைக்கும் அளவும் வேளையும் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: போன வாரம் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை நிமிடம், லேசாக மூச்சு வாங்கும்படி நடந்தீர்கள்? இரண்டையும் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரம் 150 முதல் 300 நிமிடம். கூடவே 2 நாளாவது தசைப் பயிற்சி. ஆனால் நடையே இல்லாதவரிடம் எடுத்த எடுப்பில் 150 என்றால் மலைத்துப்போவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், வாரம் 5 நாள். முதல் சீட்டுக்கு அது போதும். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை நடக்கும் தசைகள் எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

"வீட்டு வேலையே போதும் டாக்டர்" என்பவரிடம் வாதாட வேண்டாம். குடம் சுமப்பதும் தரை துடைப்பதும் கணக்கில் சேரும், அடுப்படியில் நிற்பது சேராது. மூட்டு வலிக்கிறது என்பவருக்குச் சுவரோரம் நகராத நாற்காலி போட்டு, உட்கார்ந்து எழ 8 முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுத்தால் மூட்டு தாங்கும். வலி மறுநாளும் இருந்தால் பாதியாகக் குறைக்கவும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் விடியற்காலை கிளம்பினால் வழியில் சர்க்கரை இறங்கிவிடும். கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் நடையை நிறுத்தி 3 டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தொடையில் ஊசி போட்டு உடனே நடந்தால் மருந்து வேகமாக ஏறும்; நடக்கும் வேளைக்கு வயிற்றில் போடச் சொல்லுங்கள். பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. எம்சிஆர் (மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு, வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்ப்பது, இரண்டும் கட்டாயம். நடக்கையில் நெஞ்சு இறுகுகிறது என்றால் சீட்டு எழுதாதீர்கள், முதலில் இதயப் பரிசோதனை. பிரஷர் 180/110-க்கு மேல் இருந்தால் அது குறைந்த பிறகு தொடங்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது மறுவிசாரிப்பில். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே போகிறது, கொண்டுபோகும் தன்னார்வலர் "எழுதின 10 நிமிஷம் நடந்தீங்களாக்கா?" என்று கேட்டுக் குறித்து வரலாம். இல்லை என்றால் அறிவுரை வேண்டாம், காரணத்தைக் கேட்கட்டும். தெருநாய்ப் பயமா, மொட்டை மாடி. வெயிலா, மாலை 6 மணிக்கு மேல். தனியாகப் போகக் கூச்சமா, பக்கத்து வீட்டு நோயாளிக்கும் அதே வேளையை எழுதிக் கொடுங்கள்.